அம்பு வராத வட்டம்

பொங்கலுக்கு வெள்ளையடிக்க வந்த ஆட்கள் பரண்மேல் கிடந்ததையெல்லாம் இறக்கித் திண்ணையில் குவித்திருந்தார்கள். கால் ஒடிந்த ராட்டை, மாமியாரின் பித்தளைக் குடம், காலாவதியான ரேஷன் கார்டுகள். அடியில் பழுப்பு அட்டை போட்ட நீளமான ரெக்கார்டு நோட்டு ஒன்று. பூச்சி அரித்த லேபிளில் 'உளவியல் செய்முறை' என்று என் கையெழுத்து. தூசி தட்டித் திறந்ததும் பழைய மையும் அந்துருண்டையும் கலந்த வாடை மூக்கில் ஏறியது. பிரித்த பக்கத்தில் கோணல்மாணலாக ஒரு நட்சத்திரம்.

பி.எட். படித்தவர்களுக்கு அந்த நட்சத்திரத்தைத் தெரிந்திருக்கும். கண்ணாடி வரைவு என்பார்கள். பலகையின்மேல் நட்சத்திரம் அச்சடித்த தாள் இருக்கும். நம் கையும் தாளும் நேராகத் தெரியாதபடி ஒரு தகடு மறைக்கும். எதிரே நிற்கும் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே, இரட்டைக் கோட்டுக்கு நடுவில் பென்சிலை ஓட்ட வேண்டும். வலப்பக்கம் இழுக்க நினைத்தால் போகும், மேலே இழுக்க நினைத்தால் பென்சில் கீழே இறங்கும். கோட்டைத் தொட்டால் ஒரு பிழை. ஒரு கையால் பழகிய பிறகு மறு கையால் போட்டுப் பார்த்து, முதல் கைக்குக் கொடுத்த பயிற்சி அடுத்த கைக்கு எவ்வளவு கடந்திருக்கிறது என்று கணக்கிட வேண்டும்.

கல்லூரிவரை முதல் மதிப்பெண் வாங்கியே வந்தவர்களெல்லாம் அந்தத் தகட்டுக்குப் பின்னால் கை நடுங்கி உட்கார்ந்திருந்தோம். எரிச்சலில் ஒருத்தி பென்சிலைப் போட்டுவிட்டு எழுந்தே விட்டாள். சைக்காலஜி சார் எதுவும் சொல்லாமல் ஒவ்வொரு மேசையாகச் சுற்றி வந்தார். எல்லோரும் முடித்த பிறகு சொன்னார்: "ரெக்கார்டுல பயிற்சி மாற்றம்னு எழுதிக்கங்க. அது பரீட்சைக்கு. இப்ப உங்களுக்கு ஒரு எரிச்சல் வந்துச்சு இல்லையா, அதை ஞாபகம் வச்சுக்கங்க. நீங்க போர்டுல போடற கணக்கு கடைசி பெஞ்சுப் பையனுக்கு இப்படித்தான் தெரியும்."

அப்போது நாமக்கல் தனி மாவட்டம் ஆகவில்லை. அது 1997 ஜனவரியில் வந்த மாற்றம். ராசிபுரத்துக்காரர்களுக்கு எல்லாவற்றுக்கும் சேலம்தான்: கலெக்டர் ஆபீஸ், பெரியாஸ்பத்திரி, ஜவுளி, சினிமா, பி.எட். காலை பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தால் வழி நெடுகக் கிழங்கு மில்களின் புளித்த வாடை கூடவே வரும். மரவள்ளியை அரைத்துப் பால் எடுத்த பிறகு மிஞ்சும் திப்பியைக் களத்தில் காயப் போட்டிருப்பார்கள். வெளியூர்க்காரர்கள் மூக்கைப் பொத்துவார்கள். எங்களுக்கு அது ஊர் வாடை.

சார் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். சென்னைப் பல்கலைக்கழகத்தில் உளவியல் படித்தவர். 1943இல் ஜி. டி. போவாஸ் தலைமையில் தொடங்கிய துறை அது. அதன் பழைய ஆட்களைப் பற்றி அவரிடம் கதை கதையாக இருக்கும். நாங்கள் வார்த்தைக்கு வார்த்தை 'ங்க' போட்டுப் பேசுவது அவருக்கு முதலில் வேடிக்கையாக இருந்ததாம். "எதிரே நிக்கறவனைக் குத்தணும்னாக்கூட 'குத்தறனுங்க'ன்னு சொல்லிட்டுத்தான் குத்துவீங்க போல" என்பார். சிரிப்போம். வருஷ முடிவில் அவரே "ஆமாங்க", "சரிங்க" என்று பேச ஆரம்பித்திருந்தார்.

ரெக்கார்டு நோட்டில் இன்னும் சில பக்கம் தள்ளினால் வட்டங்களும் அம்புகளும் வரும். சோசியோகிராம். அந்தப் பக்கத்தைப் பற்றித்தான் இவ்வளவு எழுத உட்கார்ந்தேன்.

கற்பித்தல் பயிற்சிக்கு என்னை ராசிபுரத்துக்கும் நாமகிரிப்பேட்டைக்கும் இடையில் ஒரு கிராமத்துப் பள்ளிக்கு அனுப்பினார்கள். ஏழாம் வகுப்பு. பிள்ளைகளிடம் ஆளுக்கொரு துண்டுச் சீட்டு கொடுத்து மூன்று கேள்வி கேட்க வேண்டும். பக்கத்தில் யாரை உட்கார வைத்துக்கொள்வாய்? யாரோடு சேர்ந்து சோறு சாப்பிடுவாய்? கொல்லிமலைக்குப் போனால் யாரைக் கூட்டிப் போவாய்? ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு வட்டம், வட்டத்துக்குள் வருகைப் பதிவேட்டு எண். யார் யாரைச் சொன்னார்களோ அங்கே ஓர் அம்பு. நிறைய அம்பு வந்து சேரும் வட்டம் வகுப்பின் செல்லப்பிள்ளை. ஒன்றுகூட வராத வட்டம் தனியன்.

பென்சிலில் போட்டு, பேனாவில் தடவி, ஸ்கெட்ச் பேனாவில் வண்ணம் கொடுத்து முடித்ததும் எனக்கு ஒரே பெருமை. அவ்வளவு அழகாக வந்திருந்தது. பார்வையிட வந்த சார் வாங்கிப் பார்த்தார். ஜன்னல் பக்கம் கொண்டுபோய் இன்னொரு தடவை பார்த்தார். "ஊர் மேப்பை எதுக்கும்மா இங்க வரைஞ்சு வச்சிருக்க?" என்றார்.

எனக்குப் புரியவில்லை. அவர் விரலை வைத்துக் காட்டினார். தறிக்காரத் தெருப் பிள்ளைகள் ஒரு கொத்து. காட்டுக்கொட்டாயிலிருந்து வரும் தோட்டத்துப் பிள்ளைகள் இன்னொரு கொத்து. காலனிப் பையன்கள் நாலைந்து பேர் தங்களுக்குள்ளேயே அம்பு விட்டுக்கொண்டு ஓர் ஓரத்தில். கொத்துக்குக் கொத்து கடந்துபோன அம்பு விரல் விட்டு எண்ணுகிற அளவுதான். கீழே வலது மூலையில் 17 என்று ஒரு வட்டம். காலனியிலிருந்து அந்த வகுப்புக்கு வந்த ஒரே பெண் பிள்ளை. அவளிடமிருந்து மூன்று அம்பு வெளியே போயிருந்தது. மூன்றும் மூன்று கொத்துக்கு. ஒன்றுகூட அவளுக்குத் திரும்பி வரவில்லை.

சத்துணவுத் திட்டம் 1982இல் வந்து, எல்லாப் பிள்ளைகளும் ஒரே வராந்தாவில் தட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்த காலம் அது. ஒரே அடுப்பு, ஒரே சோறு. அதைப் பார்த்து, எல்லாம் மாறிவிட்டது என்று நானும் நம்பிக்கொண்டிருந்தேன். தட்டுக்கும் தட்டுக்கும் நடுவில் எவ்வளவு இடம் விட்டு உட்காருகிறார்கள் என்பதை அன்றைக்கு மத்தியானம்தான் பார்த்தேன். யாரும் சொல்லிக் கொடுக்காமலே அளந்த மாதிரி அந்த இடம் விழுந்திருந்தது.

"இதை ரெக்கார்டுல ஒட்டி மார்க் வாங்கிட்டுப் போயிடாத. என்ன செய்யப் போற?" என்று சார் கேட்டார். என்னிடம் பதில் இல்லை. பதில் இருந்தது அந்தப் பள்ளியின் ட்ராயிங் மாஸ்டரிடம்.

ட்ராயிங் மாஸ்டர்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். லோயர், ஹையர் என்று அரசு தொழில்நுட்பத் தேர்வு எழுதி வந்தவர்கள். பள்ளிக்கூடத்தில் அவர்களுக்குச் சோப்புப் பெட்டியும் பூவரச இலையும் வரையச் சொல்லிக் கொடுப்பது போக, மீதி வேலையெல்லாம் உண்டு: ஆண்டு விழா பேனர், சுவரில் திருவள்ளுவர், வராத ஆசிரியரின் வகுப்பைப் பார்த்துக்கொள்வது. ஓவியனை எங்கள் மண்ணில் இரண்டாம்பட்சமாகப் பார்ப்பது பழைய பழக்கம். மோகனூரில் 1888இல் பிறந்த ராமலிங்கம் பிள்ளையை நாமக்கல் கவிஞர் என்றுதான் எல்லோருக்கும் தெரியும். சென்னைத் தலைமைச் செயலகத்துப் பத்து மாடிக் கட்டடத்துக்கே அவர் பெயர்தான். அவர் முதலில் சோற்றுக்கு வழி தேடியது தூரிகையால். உருவப்படம் வரைந்து டில்லி தர்பார்வரை போய்த் தங்கப்பதக்கம் வாங்கியவர். இன்றைக்கு அவரை ஓவியர் என்று சொன்னால் ஊரில் பாதிப் பேர் விழிப்பார்கள்.

அந்தப் பள்ளி ட்ராயிங் மாஸ்டர் ஒல்லியான மனிதர். சட்டைப் பையில் எப்போதும் ஒரு அழிரப்பர் துருத்திக்கொண்டிருக்கும். என் படத்தைப் பார்த்துவிட்டு, "இந்த அம்பெல்லாம் எனக்குத் தெரியாதுங்க டீச்சர். ஆனா இந்தப் புள்ளைக ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பார்த்ததே இல்லீங்க. அதை வேணும்னாப் பார்க்க வைக்கலாம்" என்றார்.

அடுத்த வாரம் ட்ராயிங் பீரியடில் ஜோடி பிரித்தார். கண்டபடி பிரித்த மாதிரி நடித்தார். உண்மையில் என் படத்தை மடித்து மேசைக்குள் வைத்துக்கொண்டு, எந்தக் கொத்துக்கும் எந்தக் கொத்துக்கும் அம்பு இல்லையோ அங்கே பார்த்துப் பார்த்து ஜோடி போட்டார். எதிரெதிரே உட்கார வேண்டும். பத்து நிமிஷம் பென்சிலைத் தொடக் கூடாது. வெறுமே முகத்தைப் பார்க்க வேண்டும். பிறகுதான் வரையலாம்.

முதல் நாள் ஒரே கெக்கெக்கே. இரண்டாம் வாரம் சிரிப்பு அடங்கியது. 17ஆம் எண்ணுக்காரிக்கு ஜோடி ஒரு பெரிய தோட்டத்து வீட்டுப் பெண். பாதி வகுப்பில் அவள் எழுந்து, "சார், இவளுக்கு நெத்தியில ஒரு தழும்பு இருக்குதுங் சார், அதை வரையணுங்களா?" என்றாள்.

"எப்படி வந்துச்சுன்னு கேட்டியா கண்ணு?"

"இல்லீங் சார்."

"கேளு. எப்படி வந்துச்சுன்னு தெரிஞ்சாத்தான் எப்படி வரையறதுன்னு தெரியும்."

ஓவியக் கலையில் அப்படி ஒரு விதி இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. அவரே அந்த நிமிஷத்தில் உண்டாக்கியிருப்பார். புளியமரத்தில் ஏறி விழுந்த கதை அது. சொல்ல ஆரம்பித்ததும் பக்கத்து ஜோடிகளும் பென்சிலை வைத்துவிட்டுக் கேட்டார்கள். ஐந்து மாதமாக ஒரே அறையில் உட்கார்ந்திருந்த பிள்ளைகள் அவள் குரலைச் சேர்ந்தாற்போல ஐந்து நிமிஷம் கேட்டது அன்றைக்குத்தான்.

ஒரு தகப்பனார் வந்து வாசலில் நின்றார். எம்பொண்ணை யார் எதிரில் உட்கார வைத்தீர்கள் என்று நேரடியாகக் கேட்கவில்லை. சுற்றி வளைத்துக் கேட்டார். ட்ராயிங் மாஸ்டர் முகத்தை அப்பாவியாக வைத்துக்கொண்டு, "பரீட்சைக்கு வருதுங்க" என்றார். பரீட்சை என்ற சொல்லுக்கு எங்கள் பக்கம் அப்பவே பயங்கர மரியாதை. அவர் பேசாமல் போய்விட்டார். ஏழாம் வகுப்பில் ட்ராயிங்குக்கு ஏது பரீட்சை?

பயிற்சி முடிந்து கிளம்பும் முன் திரும்பவும் சீட்டு கொடுத்து அதே மூன்று கேள்வியைக் கேட்டேன். படம் பெரிதாக ஒன்றும் மாறவில்லை. கொத்துகள் அப்படியே இருந்தன. 17க்கு ஒரே ஓர் அம்பு வந்திருந்தது, கொல்லிமலைக் கேள்விக்கு. சோறு சாப்பிடும் கேள்விக்கு வரவில்லை. சாரிடம் காட்டியபோது, "ஒண்ணு வந்துருச்சா" என்று கேட்டார். அந்த ரெக்கார்டுக்கு எவ்வளவு மார்க் போட்டார் என்பது மறந்துவிட்டது.

சோசியோகிராம் என்ற முறையை உண்டாக்கியவர் ஜேக்கப் மொரேனோ. ருமேனியாவில் பிறந்து, வியன்னாவில் மருத்துவம் படித்து, அமெரிக்காவுக்குப் போனவர். நியூயார்க் மாநிலத்தில் ஹட்சன் என்ற ஊரில் இருந்த பெண்கள் விடுதிப் பள்ளியில் யார் யாரோடு தங்க விரும்புகிறார்கள் என்று கேட்டு இப்படித்தான் வட்டமும் அம்பும் போட்டார். 1934இல் அதைப் புத்தகமாகக் கொண்டுவந்தார். இவ்வளவும் எங்கள் பாடத்திலேயே இருந்தது. பாடத்தில் இல்லாதது ஒன்றைச் சார் சொன்னார்: அந்த மனிதர் வியன்னாவில் முதலில் நாடகக்காரர். எழுதி வைத்த வசனம் இல்லாமல் ஆட்களை மேடையேற்றி நடிக்க விட்டவர். மனசுக்குள் சிக்கிக் கிடப்பதை நடித்துக் காட்டினால் அவிழும் என்று கண்டு, அதையே வைத்திய முறையாக்கியவர். நீ அவனாக நடி, அவன் நீயாக நடிக்கட்டும் என்று இடம் மாற்றிவிடுவது அவருடைய பெரிய கைச்சரக்கு.

"இதெல்லாம் வியன்னாவுல நடந்ததுங்க சார். நம்ம ஊர்ல யாரு நடிப்பா?" என்று ஒருத்தர் கேட்டார். "உங்க ஊர்ல விடிய விடிய நடிக்கறாங்களேப்பா" என்றார் சார்.

அப்படித்தான் ஒரு சனிக்கிழமை ராத்திரி எங்கள் வகுப்பில் பாதிப் பேர் ஒரு மாரியம்மன் நோன்புக்குப் போய்ச் சேர்ந்தோம். பாஞ்சாலி துகிலுரிதல் கூத்து. நெல் காய வைக்கும் களத்தில் நாலு மூங்கில் நட்டுப் பந்தல். மிருதங்கமும் தாளமும் முகவீணையும் சேர்ந்து கிளம்பினால் இரண்டு கல் தூரம் கேட்கும். கோமாளி வந்து ஊர்ப் பெரிய மனுஷர்களையெல்லாம் வாரிவிட்டுப் போனான். பிள்ளைகள் சாக்கு விரித்துத் தூங்கிவிட்டார்கள். நடுச்சாமம் கடந்து துச்சாதனன் சேலையைப் பிடிக்கும் கட்டம் வந்தது. அதற்கு முன்னால் அந்த வேஷக்காரர் ஆட்டத்தை நிறுத்திக் கற்பூரம் கொளுத்திப் பாஞ்சாலி வேஷக்காரரைக் கையெடுத்துக் கும்பிட்டார். பிறகுதான் சேலையில் கை வைத்தார். முன்வரிசைக் கிழவிகள் அவரை அப்படித் திட்டினார்கள். திட்டிக்கொண்டே அழுதார்கள்.

விடிந்து டீக்கடையில் பார்த்தால் பாஞ்சாலியும் துச்சாதனனும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து பன் தின்றுகொண்டிருக்கிறார்கள். பாஞ்சாலிக்காரருக்குக் காதோரம் அரிதாரம் முழுசாகக் கலையவில்லை. பகலில் தறி ஓட்டுகிறவர். சார் அவரிடம், பொம்பளை வேஷம் கட்டுவது எப்படி இருக்கிறது என்று கேட்டார். அவர் யோசிக்கவே இல்லை. "சேலை கட்டி நாலு பேருக்கு நடுவுல நடந்தாத்தானுங்க தெரியுது, ஆம்பளைக எப்படிப் பார்க்கறாங்கன்னு. அதுக்கப்பறம் நானு வீட்டுல கை ஓங்கறதில்லீங்க."

திங்கட்கிழமை வகுப்பில் நடுவில் ஒரு நாற்காலி போட்டிருந்தது. துச்சாதனன் உட்கார்ந்திருக்கிறான், யாராவது அவனாக உட்கார்ந்து பதில் சொல்லுங்கள் என்றார் சார். வெண்ணந்தூர்ப் பக்கத்து மாணவர் ஒருவர் வீராப்பாகப் போய் உட்கார்ந்தார். ஏன் செய்தாய் என்று கேட்டதற்கு, "அண்ணன் சொன்னாரு, செஞ்சேன்" என்றார். சபையில் பெரியவர்கள் இருந்தார்களே? "அவங்களும் சும்மாதானே இருந்தாங்க?" வகுப்பு சிரித்தது. பிறகு அவரையே எழுப்பி, அதே நாற்காலியில் பாஞ்சாலியாக உட்காரச் சொன்னார். உட்கார்ந்தார். அதே கேள்விகளை நாங்கள் திருப்பிக் கேட்டோம். ஒரு கேள்விக்கும் பதில் வரவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சார் அவர் தோளில் தட்டி, போதும் என்றார். அதன் பிறகு அந்த மாணவர் வகுப்பில் பெண்களை வைத்து ஜோக் அடித்து நான் கேட்டதில்லை. திருந்திவிட்டாரா, கூச்சமா? எனக்குத் தெரியாது.

அந்தக் கூத்து இன்னும் செத்துவிடவில்லை. மேட்டூர்ப் பக்கம் ஏர்வாடியில் மு. ஹரிகிருஷ்ணன் 'களரி' என்ற அமைப்பு வைத்துக் கூத்துக்கும் பொம்மலாட்டத்துக்கும் மேடை கொடுக்கிறார், 'மணல்வீடு' இதழும் நடத்துகிறார். ஆனால் எங்கள் ஊர்ப் பள்ளிப் பிள்ளை ஒன்று விடிய விடியக் கூத்துப் பார்த்துவிட்டு மறுநாள் வகுப்பில் தூங்கி விழுவது என்பது இப்போது நடக்காத காரியம். ராத்திரி பத்து மணிவரை அதற்கு ஸ்டடி இருக்கிறது.

ராசிபுரம் என்றால் வெளியே சிலருக்கு நெய் ஞாபகம் வரும், சிலருக்குப் பட்டு. இன்னும் சிலருக்கு ஆர். கே. நாராயண். அந்த 'ஆர்' எங்கள் ஊர்தான். அவர் பிறந்தது சென்னையில், வாழ்ந்தது மைசூரில். முன்னோர் ஊர் இனிஷியலில் மட்டும் தங்கிவிட்டது. தம்பி ஆர். கே. லக்ஷ்மணுக்கும் அதே 'ஆர்'தான். லக்ஷ்மண் பள்ளியில் வரைந்த ஓர் அரச இலையைப் பார்த்து ஆசிரியர் மெச்சியதில்தான் நாமும் ஓவியன் ஆகலாம் என்ற எண்ணம் அவருக்கு வந்ததாம். பம்பாய் ஜே. ஜே. ஓவியப் பள்ளி பிற்பாடு அவருக்கு இடம் இல்லை என்று திருப்பி அனுப்பியது. இலையை மெச்சிய அந்த ஆசிரியர்தான் ஜெயித்தார்.

சைக்காலஜி சாருக்கு மைசூர் என்றால் வேறொரு ஆள். 1924இல் மைசூர்ப் பல்கலைக்கழகத்தில் உளவியல் துறையைத் தொடங்கிய எம். வி. கோபாலசாமி. லண்டனில் படித்துவிட்டு வந்து ஆய்வுக்கூடம் வைத்தவர், 1935இல் தன் வீட்டிலேயே ஒரு சின்ன வானொலி நிலையத்தையும் வைத்தார். அதன் பெயர் ஆகாசவாணி. பிற்பாடு நாடு முழுவதற்கும் ஆன பெயர். மனசைப் பற்றிப் பாடம் நடத்துகிறவருக்குப் பாட்டும் பேச்சும் ஊருக்குப் போய்ச் சேர வேண்டும் என்று ஏன் தோன்றியது என்று சார் எங்களைக் கேட்பார். கேட்டுவிட்டுப் பதில் சொல்லாமல் போய்விடுவார். அது அவர் பழக்கம்.

நாராயணின் அப்பா தலைமையாசிரியர். நாராயணும் கொஞ்ச நாள் வாத்தியாராக இருந்து, ஒத்துவராமல் ஓடி வந்தவர். 1945இல் வந்த 'தி இங்கிலீஷ் டீச்சர்' நாவலில் கதாநாயகன் கல்லூரி வேலையை விட்டுவிட்டுச் சின்னப் பிள்ளைகள் பள்ளிக்குப் போய்ச் சேருகிறான். மாநிலங்களவை நியமன உறுப்பினராக இருந்தபோது 1989இல் நாராயண் பேசியது பிள்ளைகளின் புத்தக மூட்டையைப் பற்றி. முதுகு வளைந்து போகிறது, விளையாட நேரமில்லை, கனவு காண நேரமில்லை என்று. அந்தப் பேச்சின் தொடர்ச்சியாக யஷ்பால் குழு வந்தது, 1993இல் சுமையில்லாக் கல்வி பற்றி அறிக்கை வந்தது. ராசிபுரத்தை இனிஷியலாகப் போட்டுக்கொண்டவர் டில்லியில் மூட்டையை இறக்கி வையுங்கள் என்று கேட்ட அதே காலத்தில், ராசிபுரத்தைச் சுற்றி விடுதிப் பள்ளிகள் மாடி மேல் மாடி எழும்பிக்கொண்டிருந்தன. இதைவிடப் பெரிய கேலியை அவரே எழுதியிருக்க முடியாது.

அப்போதெல்லாம் ஜூன் மாதம் வந்தால் பஸ் ஸ்டாண்டில் தென்மாவட்டத்துக் குடும்பங்கள் டிரங்குப் பெட்டியும் பக்கெட்டுமாக இறங்குவார்கள். லாட்ஜில் ரூம் கிடைக்காது. தேர்வு முடிவு வந்ததும் ஊர் முழுக்கப் பிள்ளைகளின் முகம் பிளெக்ஸில் தொங்கும். மாநில ரேங்க். இங்கே பதினோராம் வகுப்பில் சேர்ந்த பிள்ளைக்குப் பதினோராம் வகுப்புப் பாடமே கிடையாது. இரண்டு வருஷமும் பன்னிரண்டாம் வகுப்புப் பாடம்தான். அதனால்தான் 2017இல் அரசு ரேங்க் அறிவிப்பதை நிறுத்தியது, 2017-18இல் பதினோராம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு வைத்தது. அடுத்து 14417 என்று ஒரு தொலைபேசி எண் வந்தது, மனக்கஷ்டம் உள்ள பிள்ளைகள் கூப்பிட. கூப்பிட வேண்டுமென்றால் கையில் போன் வேண்டும். விடுதியில் போன் கூடாது.

அந்தப் பள்ளிகள் படிப்பைக் கெடுத்தன என்று நான் சொல்ல மாட்டேன். தறிக்காரத் தெருவிலிருந்து டாக்டர்கள் வந்ததற்கு அவையும் ஒரு காரணம். என் தங்கை மகன் அப்படித்தான் படித்தான், இன்று நன்றாக இருக்கிறான். இரண்டு வருஷம் ஒரே அறையில் படுத்து எழுந்தானே, கூட இருந்தவன் எந்த ஊர், அவன் அப்பா என்ன செய்கிறார் என்று கேட்டேன். "தெரியாது பெரிம்மா, அவன் கெமிஸ்ட்ரில நல்ல மார்க்" என்றான்.

இந்தச் சீமையிலேயே இன்னொரு வாத்தியார் இருந்தார் என்பதை நினைத்தால் மனசு கொஞ்சம் ஆறுகிறது. பெருமாள்முருகன். திருச்செங்கோட்டுப் பக்கம் பிறந்து நாமக்கல் அரசு கலைக் கல்லூரியில் தமிழ் நடத்தியவர். நாவலாசிரியராகத்தான் ஊர் உலகம் அவரை அறியும். 2015இல் அவர் எழுதுவதையே விட்டுவிட நேர்ந்ததும், 2016இல் சென்னை உயர்நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு திரும்ப எழுத வந்ததும் எல்லோருக்கும் தெரிந்த செய்தி. எனக்கு அவர் முக்கியமாகப் படுவது 'கூடு' என்ற பெயரில் மாணவர்களைக் கூட்டி வைத்துப் பேச வைத்ததற்காக. அந்தக் கூட்டங்களின் வழியாக வந்த ஒரு புத்தகம் 'சாதியும் நானும்'. 2013இல் காலச்சுவடு வெளியிட்டது. 32 பேர் எழுதியிருக்கிறார்கள். வேறு வேறு சாதியில் பிறந்தவர்கள். சாதி ஒழிய வேண்டும் என்று மேடைப் பேச்சு எழுதச் சொல்லவில்லை, உனக்கு நடந்ததை எழுது என்று கேட்டிருக்கிறார். யார் வீட்டில் எந்தக் குவளையில் தண்ணீர் கொடுத்தார்கள், யார் திண்ணையில் உட்காரச் சொன்னார்கள், எங்கே நிற்கச் சொன்னார்கள் என்கிற மாதிரி. அடிபட்டவர்களும் எழுதியிருக்கிறார்கள், அடித்த பக்கம் நின்று பார்த்தவர்களும் எழுதியிருக்கிறார்கள். அம்பை அதை ஆங்கிலத்தில் கொண்டுவந்தார்.

அதைப் படித்தபோது, ஜன்னல் வெளிச்சத்தில் என் படத்தைப் பிடித்துக்கொண்டு நின்ற சாரை நினைத்துக்கொண்டேன். வட்டத்துக்குள் நாங்கள் வெறும் எண்ணைத்தான் போட்டோம். இங்கே அந்த எண்களே எழுந்து பேசுகின்றன. ஒரு தமிழ் வாத்தியார் கேட்டதால் பேசுகின்றன.

நான் ஓய்வு பெறும்வரை ஒவ்வொரு வருஷமும், பிள்ளைகள் சேர்ந்த புதிதில், என் வகுப்புக்கு அந்தத் துண்டுச் சீட்டைக் கொடுத்து வந்தேன். சில வருஷம் கொத்துகள் தளர்ந்திருக்கும். சில வருஷம், குறிப்பாகத் தேர்தல் முடிந்த வருஷங்களில், இறுகியிருக்கும். பையன்கள் மணிக்கட்டில் சாதிக்கொரு கலர் கயிறு கட்டி வர ஆரம்பித்த பிறகு சீட்டே தேவைப்படவில்லை. கயிற்றைப் பார்த்தே படம் போட்டுவிடலாம். ட்ராயிங் மாஸ்டர் செய்ததை நானும் செய்து பார்த்திருக்கிறேன். எனக்கு அவர் கை வராது. பிள்ளைகள் என் படங்களைப் பார்த்துச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும், ஜோடியாகத்தானே உட்கார்ந்து சிரிக்கிறார்கள் என்று விட்டுவிடுவேன்.

அந்த ட்ராயிங் மாஸ்டர் ஓய்வு பெற்ற பிறகு அவருடைய பள்ளிக்கு நிரந்தர ஓவிய ஆசிரியர் வரவில்லை. 2012இல் தமிழக அரசு ஓவியம், உடற்கல்வி, கைத்தொழில் இதற்கெல்லாம் சேர்த்துப் பகுதிநேர ஆசிரியர்கள் 16,549 பேரை நியமித்தது. வாரத்தில் மூன்று அரைநாள், மாதம் 5,000 ரூபாய் சம்பளம். சம்பளம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது. பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் சென்னையில் உட்கார்ந்து போராடிக் கைதாவதைத் தொலைக்காட்சியில் அவ்வப்போது பார்க்கிறேன். பள்ளிகளுக்கு வரும் உளவியல் ஆலோசகர்கள் கதையும் ஏறக்குறைய இதுதான். வேனில் வருவார்கள், ஒரு மணி நேரம் பேசுவார்கள், அடுத்த ஊருக்குப் போய்விடுவார்கள். மூன்று அரைநாளில் ஒரு பிள்ளையின் நெற்றித் தழும்பு யார் கண்ணில் படும்?

பெற்றோர் கூட்டத்துக்குப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்ல ஆசைப்படுகிறேன். மார்க் பட்டியலில் கையெழுத்துப் போட்டுவிட்டு உடனே வண்டியை எடுக்காதீர்கள். டைம்டேபிளில் ட்ராயிங் பீரியட் இருக்கிறதா, இருந்தால் அந்த நேரத்தில் உண்மையிலேயே ட்ராயிங்தான் நடக்கிறதா, இல்லை கணக்கு டெஸ்ட் நடக்கிறதா என்று ஹெட்மாஸ்டரிடம் கேளுங்கள். வீட்டுக்கு வந்து, உன் பக்கத்தில் உட்காருகிறவன் யார், அவன் வீடு எங்கே என்று பிள்ளையிடமும் கேளுங்கள். பரீட்சைக்கு வருதுங்க என்று சொல்லியாவது கேளுங்கள்.